லாரியில் பெயர் தெரியாத சுவிட்ச்: எதற்கென்று கண்டுபிடிப்பது எப்படி?

புதிதாகக் கைக்கு வந்த லாரியில் ஸ்டியரிங், கியர், பிரேக் எல்லாம் அரை நாளில் பழகிவிடும். பழகாமல் நிற்பவை டேஷ்போர்டு வரிசையில் இருக்கும் நாலைந்து சுவிட்சுகள்தான். அமுக்கினால் எதுவும் எரிவதில்லை, சத்தமும் வருவதில்லை. “செத்துப்போன சுவிட்ச்” என்று சொல்லிவிட்டு அப்படியே விட்டுவிடுவார்கள்.

கெட்டுப்போனதால் சும்மா இருக்கும் சுவிட்ச் உண்டுதான். ஆனால் லாரியில் பல சுவிட்சுகள் ஒரு நிபந்தனைக்குக் காத்திருப்பவை: ஏர் டேங்கில் காற்று ஏறியிருக்க வேண்டும், ஹேண்ட் பிரேக் போட்டிருக்க வேண்டும், எஞ்சின் சூடாகியிருக்க வேண்டும். இன்னும் சில வேலையைச் செய்து முடித்திருக்கும், சீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரியாது, அவ்வளவுதான். பின் ஆக்சில் ஹவுசிங்குக்குள் லாக் விழுந்ததும், கியர்பாக்ஸ் பக்கத்தில் பம்ப் சுற்றத் தொடங்கியதும் கேபினுக்குள் எப்படித் தெரியும்? எனவே “அமுக்கினேன், ஒன்றும் ஆகவில்லை” என்பதை விடையாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கை வைக்கும் முன் பார்க்க வேண்டியவை

கம்பெனி போட்ட சுவிட்சா, பிற்பாடு போட்டதா என்பதுதான் முதல் கேள்வி. கம்பெனி சுவிட்சுகள் எல்லாம் ஒரே அளவில், ஒரே சட்டத்தில் உட்கார்ந்திருக்கும். பார்க் லைட்டைப் போட்டால் அவற்றின் படங்கள் ஒரே நிறத்தில் மெலிதாக ஒளிரும். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் பட்டறைகளில் பாடி கட்டும்போது சேர்த்த சுவிட்ச் அந்த வரிசையோடு ஒட்டாது. டேஷ்போர்டுக்குக் கீழே தனித் தகட்டில் இருக்கும், அல்லது டம்மி மூடியைக் கழற்றிவிட்டுச் செருகியிருப்பார்கள். படம் இருந்தாலும் அதை நம்ப முடியாது. கடையில் கிடைத்த சுவிட்சைப் போட்டிருப்பார்கள். ஃபாக் லாம்ப் படம் போட்ட சுவிட்சில் கேபின் ஃபேன் ஓடும்.

கம்பெனி சுவிட்சில் உள்ள படத்தை நம்பலாம். வண்டிகளின் சுவிட்ச், விளக்குப் படங்களுக்கு ஐஎஸ்ஓ 2575 என்று ஒரு சர்வதேசத் தரம் இருக்கிறது. அதனால் டாடா, லேலண்ட், பாரத்பென்ஸ், ஐஷர் எதை எடுத்தாலும் படங்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான். சிலவற்றைத் தெரிந்துவைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

இடப்பக்கம் கதிர் வீசும் விளக்குப் படம் என்றால் முன்பக்க விளக்கு. கதிர்கள் நேராக இருந்தால் ஹை பீம், சாய்ந்திருந்தால் லோ பீம். சாய்ந்த கதிர்களை ஒரு நெளிகோடு வெட்டினால் முன் ஃபாக் லாம்ப். படம் வலப்பக்கம் திரும்பி, நேர்க் கதிர்களை நெளிகோடு வெட்டினால் பின் ஃபாக் லாம்ப். கதிர் கீழ்நோக்கி விழுந்தால் லோடு ஏற்றி இறக்கும்போது போடும் வொர்க் லாம்ப். மேலிருந்து பார்த்ததுபோல் சக்கரங்களையும் ஆக்சிலையும் வரைந்து, பின் ஆக்சில் நடுவில் பெருக்கல் குறி போட்டிருந்தால் டிஃபரன்ஷியல் லாக். அதே குறி இரண்டு பின் ஆக்சில்களுக்கும் இடையில் இருந்தால் அந்த இரண்டையும் சேர்த்துப் பூட்டும் இன்டர் ஆக்சில் லாக். ஒரு சக்கரம் மட்டும் உயர்ந்து பக்கத்தில் அம்புக்குறி இருந்தால் லிஃப்ட் ஆக்சில். பெட்டிக்குள் புள்ளி புள்ளியாக இருந்தால் சைலன்சரில் உள்ள புகைக்கரி வடிகட்டி, அதாவது டிபிஎஃப். 0, 1, 2, 3 என்று எண் போட்ட சிறு திருகு ஹெட்லைட்டை ஏற்றி இறக்குவது. பின்னால் லோடு ஏறி முன்பக்கம் நிமிரும்போது எதிரே வருபவர் கண்ணில் வெளிச்சம் அடிக்காமலிருக்கத்தான் அது. பெரும்பாலான வண்டிகளில் யாரும் தொடாமலே கிடக்கிறது.

படத்துக்கு அடுத்தபடி சுவிட்சின் உடம்பைக் கவனியுங்கள். அமுக்கியதும் அப்படியே நின்றால் அந்த வேலை தொடர்ந்து நடக்கும். விட்டதும் திரும்பி வந்தால் அது ஒரு கட்டளையைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் ரகம். அவற்றில் சிலவற்றைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால்தான் கட்டளை ஏற்கப்படும். பக்கத்தில் ஒரு சிறு கொண்டியைத் தள்ளினால்தான் அமுங்கும் சுவிட்சை, தவறிக் கை பட்டுவிடக் கூடாது என்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். டிஃபரன்ஷியல் லாக், பிடிஓ (எஞ்சின் சக்தியில் பம்பைச் சுற்றவைக்கும் இணைப்பு) போன்றவற்றில் அது இருக்கும். படம் தெரியாவிட்டாலும் கொண்டி இருந்தால் ஓடும் வண்டியில் தொடாதீர்கள்.

விளக்கின் நிறமும் பேசும். பச்சை என்றால் சாதாரணமாக வேலை நடக்கிறது, நீலம் ஹை பீம். மஞ்சள் என்றால் கவனம். இந்த நிலையிலேயே ரொம்ப நேரம் ஓட்டாதே என்று பொருள். சிவப்பு வந்தால் ஓரங்கட்டி நிறுத்து. மீட்டர் போர்டில் வரும் விளக்கு இன்னும் பயனுள்ளது. டிஃபரன்ஷியல் லாக் விளக்கு பல வண்டிகளில் சுவிட்சை அமுக்கியதற்காக எரிவதில்லை. ஹவுசிங்கில் உள்ள சென்சார், லாக் உண்மையிலேயே விழுந்ததைச் சொன்ன பிறகுதான் எரியும்.

சன் வைசருக்குப் பின்னால், கதவு ஓரத்தில், ஃப்யூஸ் பெட்டி மூடியின் உட்பக்கத்தில் ஒட்டியிருக்கும் தாள்களையும் படித்துவிடுங்கள். டிரைவர் கையேட்டை வண்டியோடு யாரும் கைமாற்றுவதில்லை. சேஸ் நம்பரை வைத்து மாடலைச் சொன்னால் சர்வீஸ் சென்டரில் கேட்டு வாங்கலாம்.

அமுக்கிப் பார்க்கும் முறை

சமதளத்தில், காலி வண்டியாக நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக், நியூட்ரல், சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. வண்டிக்கு அடியிலோ பின்னாலோ யாரும் இருக்கக் கூடாது. டிப்பராக இருந்தால் தலைக்கு மேல் மின்கம்பி இல்லாத இடம். பக்கத்தில் வைக்கோல், சருகு, டீசல் சிந்திய தரை வேண்டாம். ஏர் கேஜ் 7 பாருக்கு மேல் நிற்கட்டும். ஏர் இல்லாமல் சோதித்தால் காற்றில் இயங்கும் சுவிட்சுகள் எல்லாம் செத்ததுபோலவே நடிக்கும்.

இரண்டு பேர் இருந்தால் நல்லது. ஒருவர் சுவிட்சை அமுக்க, மற்றவர் வெளியே எட்ட நின்று பார்க்கட்டும். சாவி போடாமல், சாவி மட்டும் போட்டு, எஞ்சின் ஓடும்போது என்று ஒவ்வொரு சுவிட்சையும் மூன்று நிலையிலும் பாருங்கள். சாவி இல்லாமலே வேலை செய்தால் அது நேரே பேட்டரியிலிருந்து வருகிறது. ஹசார்ட் விளக்கும் கேபின் விளக்கும் அப்படித்தான். பிற்பாடு போட்டவையும் பெரும்பாலும் அப்படித்தான்; இரவில் மறந்து விட்டால் காலையில் செல்ஃப் எடுக்காது.

காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். டேஷ்போர்டுக்குள் “டிக்” என்றால் ரிலே என்ற மின்காந்த சுவிட்ச், அதாவது விளக்கு, ஃபேன், ஹீட்டர் போன்ற மின்சார வேலை. சேஸ் பக்கமிருந்து “புஸ்” என்றால் ஏர் வால்வு. இதில் ஒரு நுட்பம் உண்டு. போடும்போது காற்று உள்ளே போவதால் சத்தம் அடங்கியிருக்கும். அணைக்கும்போது உள்ளே இருந்த காற்று வெளியேறுவதால்தான் நன்றாகக் கேட்கும். அதனால் போட்டுவிட்டு உடனே முடிவுக்கு வராமல், ஐந்து எண்ணிவிட்டு அணைத்துக் கேளுங்கள். வெளியே நிற்பவர் சத்தம் வந்த இடத்தைச் சொன்னாலே பதில் கிடைத்துவிடும். பின் ஹவுசிங் அருகே என்றால் டிஃபரன்ஷியல் லாக், கியர்பாக்ஸ் அருகே என்றால் பிடிஓ, சைலன்சர் பைப் அருகே என்றால் எக்ஸாஸ்ட் பிரேக்.

சும்மா இருப்பதுபோல் நடிப்பவை

டிஃபரன்ஷியல் லாக்கை நின்ற வண்டியில் போட்டால் ஒன்றுமே தெரியாது. ஒரே ஆக்சிலின் இரண்டு பக்கச் சக்கரங்களும் ஒரே வேகத்தில்தான் சுற்ற வேண்டும் என்று அது கட்டிப்போடுகிறது. சேற்றில் ஒரு சக்கரம் மட்டும் சும்மா சுழலும்போது உதவுவது இதனால்தான். ஆனால் தார் ரோட்டில் வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓடியாக வேண்டும், லாக் விடாது. டயர் தேயும், ஸ்டியரிங் கனக்கும், லோடு இருந்தால் ஆக்சில் ஷாஃப்டோ கிரவுன் பல்சக்கரமோ போகும். நின்ற நிலையிலோ ஊர்ந்து போகும்போதோதான் போட வேண்டும். சக்கரம் சுழன்றுகொண்டிருக்கும்போது போட்டால் பற்கள் உடையும். அணைத்த பிறகும் விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் பயப்பட வேண்டாம். பற்களுக்கிடையில் இறுக்கம் நிற்கிறது. கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்து, ஸ்டியரிங்கை லேசாக இருபக்கமும் ஆட்டினால் விடுபடும்.

பிடிஓ என்பது எஞ்சின் சக்தியைக் கியர்பாக்ஸ் வழியாக வெளியே எடுத்து ஹைட்ராலிக் பம்பைச் சுற்றவைப்பது. டிப்பர், கிரேன் வண்டி, டேங்கர் போன்றவற்றில் இருக்கும். கிளட்சை முழுதாக மிதித்து இரண்டு மூன்று விநாடி பொறுத்து, சுவிட்சைப் போட்டு, கிளட்சை மெதுவாக விட வேண்டும். கிளட்ச் மிதிக்காமல் போட்டால் “கரக்” என்று பல் உரசும், அல்லது விழவே விழாது. விழுந்தபின் சீட்டுக்குத் தெரிவது எஞ்சின் சத்தத்தில் ஒரு சின்ன மாற்றம் மட்டுமே. இதைத் தெரியாமல் போட்டுக்கொண்டு ரோட்டில் ஓட்டினால் பம்ப் இடைவிடாமல் சுற்றி எண்ணெய் கொதிக்கும், சீல் போகும். அதைவிட மோசம், தொட்டி இறக்கும் லீவர் சரியான நிலையில் இல்லாவிட்டால் ஓடும் வண்டியில் தொட்டி எழும்பும். மேலே பாலமோ மின்கம்பியோ வந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

லிஃப்ட் ஆக்சில் சுவிட்ச் கண்ணுக்குத் தெரியும், ஆனால் நிதானமாக. பெல்லோஸ் என்னும் காற்றுப்பையில் காற்று நிரம்பிச் சக்கரம் எழும்ப நேரம் பிடிக்கும். சில வண்டிகளில் லோடு இருந்தால் தூக்கவே தூக்காது. காலியாகப் போகும்போது தூக்கினால் டயரும் டீசலும் மிச்சம். லோடோடு தூக்கி ஓட்டினால் மற்ற ஆக்சில்கள் தாங்க வேண்டியதற்கு மேல் தாங்கி டயர் வெடிக்கும். இறக்கும்போது சக்கரத்துக்கு அடியில் யாருடைய காலும் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் அமுக்க வேண்டும். சில வண்டிகளில் சாவியை அணைத்தாலே தானாக இறங்கிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பிஎஸ்6 புகைக் கட்டுப்பாட்டு விதிகள் 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிறகு சேர்ந்த டிபிஎஃப் சுவிட்ச்தான் இப்போது அதிகக் குழப்பம் தருவது. ஒரே மாதிரி இரண்டு இருக்கும். ஒன்று, வண்டியை நிறுத்திவைத்து வடிகட்டியில் சேர்ந்த கரியை எரிக்கச் சொல்வது. இன்னொன்று, எரிக்காதே என்று தடுப்பது. அதன் படத்தில் குறுக்கே ஒரு வெட்டு இருக்கும். முதலாவதை அமுக்கினால் உடனே ஒன்றும் ஆகாது. எஞ்சின் சூடாகியிருக்க வேண்டும், நியூட்ரலும் ஹேண்ட் பிரேக்கும் போட்டிருக்க வேண்டும், கால் எந்தப் பெடலிலும் இருக்கக் கூடாது, எரிக்குமளவுக்குக் கரியும் சேர்ந்திருக்க வேண்டும். எல்லாம் பொருந்தினால் எஞ்சின் வேகம் தானாக ஏறும். வடிகட்டிக்குள் வெப்பம் 600 டிகிரி செல்சியஸை ஒட்டிப் போகும். முடிய அரை மணி நேரம் போல ஆகலாம். “வேலை செய்யாத சுவிட்ச்” என்று அமுக்கிவிட்டு, அரிசி ஆலை வளாகத்தில் உமிக் குவியலுக்குப் பக்கத்தில் வண்டியை ஓடவிட்டு டீ குடிக்கப் போனால் தீப்பிடிக்க அது போதும்.

இரண்டாவது சுவிட்ச் பெட்ரோலியக் கிடங்கு போன்ற இடங்களுக்குள் நுழையும்போது போடுவதற்கு. வெளியே வந்ததும் அணைத்துவிட வேண்டும். முந்தைய டிரைவர் போட்டுவிட்டுப் போனது அப்படியே கிடந்தால் கரி சேர்ந்துகொண்டே போகும். மஞ்சள் விளக்கு எரியும், பிறகு கண்சிமிட்டும், பிறகு வண்டி இழுக்காது. கடைசிக் கட்டத்தில் சர்வீஸ் சென்டர் கருவி இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது. பழைய வண்டி வாங்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டிய சுவிட்ச் இதுதான்.

வண்டி இழுக்கவில்லை என்று மெக்கானிக்கிடம் போவதற்கு முன் பார்க்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. சில டாடா வண்டிகளில் லைட், மீடியம், ஹெவி என்று மூன்று நிலை சுவிட்ச் இருக்கிறது. மற்ற சில வண்டிகளிலும் இதுபோன்ற எக்கானமி சுவிட்ச் உண்டு. லோடுக்கு ஏற்ப எஞ்சின் தரும் சக்தியை அது மாற்றுகிறது. நின்ற வண்டியில் எந்த வித்தியாசமும் தெரியாது. முழு லோடோடு லைட் நிலையில் மேடு ஏறினால்தான் தெரியும். டீசல் ஃபில்டர், இன்ஜெக்டர் என்று செலவு செய்துவிட்டு, கடைசியில் சுவிட்சைத் திருப்பியதும் வண்டி பறக்கும்.

எக்ஸாஸ்ட் பிரேக் புகைக்குழாயில் ஒரு தட்டை மூடி, எஞ்சினையே பிரேக்காக்குவது. ஐட்லிங்கில் போட்டால் பல வண்டிகளில் ஒன்றும் நடக்காது. எஞ்சின் வேகம் ஓரளவு இருக்க வேண்டும், ஆக்சிலரேட்டர், கிளட்ச் இரண்டிலும் கால் இருக்கக் கூடாது. தொப்பூர் மாதிரி நீண்ட இறக்கத்தில் குறைந்த கியரோடு இதைச் சேர்த்தால் பிரேக் டிரம் சூடாகாமல் தப்பிக்கும். மழையில், காலி வண்டியில் வேண்டாம். பின்சக்கரம் மட்டும் பிடித்து வண்டி வழுக்கும்.

பேட்டரியைத் துண்டிக்கும் மெயின் சுவிட்சைப் பற்றி ஒரு வார்த்தை. புகையைச் சுத்தப்படுத்த யூரியா கரைசல் ஊற்றும் வண்டிகளில் எஞ்சினை நிறுத்திய பிறகும் பம்ப் சிறிது நேரம் ஓடி, குழாயில் மிச்சமுள்ள யூரியாவைத் தொட்டிக்கு இழுத்துக்கொள்ளும். அதற்குள் மெயினைத் துண்டித்தால் குழாயிலேயே காய்ந்து உப்பாகி அடைக்கும். சில நிமிடம் பொறுத்து, அந்த முனகல் நின்ற பிறகு துண்டியுங்கள்.

ஹசார்ட் சுவிட்ச் எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு முக்கோணம். சந்திப்பில் “நேராகப் போகிறேன்” என்று காட்ட அதைப் போடும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடலாம். பக்கவாட்டிலிருந்து பார்ப்பவருக்கு ஒரு பக்க விளக்கு மட்டுமே தெரியும்; நீங்கள் திரும்பப் போகிறீர்கள் என்றுதான் நினைப்பார்.

வயர் வழியாகப் போய்ப் பார்ப்பது

இன்னமும் பிடிபடாவிட்டால் மல்டிமீட்டர் எடுக்க வேண்டும். பெரிய லாரிகளில் 12 வோல்ட் பேட்டரி இரண்டு தொடராக இணைந்து 24 வோல்ட் தருகின்றன. எஞ்சின் ஓடும்போது சுமார் 28 வோல்ட் காட்டும். கார் பட்டறையின் 12 வோல்ட் டெஸ்ட் லாம்ப் இங்கே எரிந்துபோகும். 24 வோல்ட் டெஸ்ட் லாம்பையும் பழைய வண்டியின் விளக்கு வயர்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அது கரண்ட் இழுக்கும். ஏபிஎஸ், எஞ்சின் கம்ப்யூட்டர் வயர்களில் வைத்தால் செலவு பெரிதாகும். வயரின் தோலைக் குத்தியும் பார்க்காதீர்கள். அந்தத் துளையில் தண்ணீர் இறங்கிச் செம்பு பச்சை பிடித்து, ஆறு மாதம் கழித்து வேறொரு வேடத்தில் வந்து நிற்கும்.

பழைய வண்டியில் சுவிட்சிலிருந்து வயர் ரிலேக்குப் போகும், அங்கிருந்து வேலை நடக்கும் இடத்துக்கு. ரிலேயின் அடியில் 30, 85, 86, 87 என்று எண்கள் இருக்கும். 30 கரண்ட் வரும் கால், 87 வெளியே போகும் கால், 85-86 காந்தச் சுருள். ரிலேயைக் கழற்றி, சாக்கெட்டில் 85-86 இடையே மீட்டரை வைத்து, சாவி போட்டு சுவிட்சை அமுக்கினால் 24 வோல்ட் காட்ட வேண்டும். காட்டினால் சுவிட்சும் ரிலே வரையுள்ள வயரும் சரி. 30-ஐயும் 87-ஐயும் நேரே இணைத்தால் எது ஓடுகிறது என்று தெரிந்துவிடும் என்று சிலர் செய்வார்கள். விளக்குக்குச் சரி, அதுவும் இடையில் 10 ஆம்பியர் ஃப்யூஸ் போட்ட வயராக இருந்தால். ஏர் வால்வு சம்பந்தப்பட்ட எதிலும் செய்யாதீர்கள். எல்லாப் பாதுகாப்பு நிபந்தனையையும் தாண்டிப் பிடிஓ விழுந்துவிடும்.

புதிய வண்டிகளில் இந்த வழி எடுபடாது. சுவிட்ச் ஒரு கம்ப்யூட்டருக்குத் தகவல் மட்டும் சொல்கிறது. வேலையைச் செய்வது அந்தக் கம்ப்யூட்டர். முறுக்கிய இரட்டை வயர் கண்ணில் பட்டால் அது வண்டியின் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கேன் தகவல் வயராக இருக்க வாய்ப்பு அதிகம். அதிலிருந்து கரண்ட் எடுப்பதோ ஒட்டுப் போடுவதோ கூடாது. அந்த வண்டிக்குச் சர்வீஸ் சென்டரின் ஸ்கேன் கருவிதான் பதில் சொல்லும். சுவிட்சை அமுக்கும்போது அதன் நிலை மாறுவது திரையிலேயே தெரியும்.

பிற்பாடு போட்ட சுவிட்சைத் தேடுவது எளிது, பார்க்கத்தான் வயிற்றைக் கலக்கும். கம்பெனி வயர்கள் நெளிகுழாய்க்குள் ஒழுங்காகப் போகும். இவை கறுப்பு டேப் சுற்றி, ஒரே நிறத்தில், பேட்டரி முனையிலிருந்து நேரே வரும். ஃப்யூஸ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கணக்கு எளிது: 70 வாட் ஃபாக் லாம்ப் இரண்டு என்றால் 140 வாட், அதை 24-ஆல் வகுத்தால் 6 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. 10 ஆம்பியர் ஃப்யூஸ் போதும். அடிக்கடி போகிறது என்று 30 போட்டால் அடுத்த முறை ஃப்யூஸுக்குப் பதில் வயர் எரியும். 12 வோல்ட் பாட்டுப்பெட்டிக்காக ஒரே ஒரு பேட்டரியிலிருந்து கரண்ட் எடுத்திருந்தால் அதையும் மாற்றச் சொல்லுங்கள். அந்தப் பேட்டரி எப்போதும் பாதி இறங்கியும் மற்றது அளவுக்கு மேல் ஏறியும் இரண்டும் சேர்ந்து சீக்கிரம் போகும். 24-லிருந்து 12 ஆக்கும் கன்வர்ட்டர் இதற்கென்றே கிடைக்கிறது. ஹார்ன் மாற்றும் சுவிட்ச் கிடைத்து, அது பல சுருதி ஏர் ஹார்னுக்குப் போனால் கழற்றிவிடுங்கள். மத்திய மோட்டார் வாகன விதி 119 அதைத் தடை செய்கிறது.

கண்டுபிடித்த ஒவ்வொன்றையும் மார்க்கர் பேனாவால் ஃப்யூஸ் பெட்டி மூடியின் உட்பக்கம் எழுதிவிடுங்கள்: எந்தச் சுவிட்ச், எந்த ஃப்யூஸ், எத்தனை ஆம்பியர். ஷிஃப்ட் மாறி ஏறும் அண்ணனுக்கு அது போதும். கடைசிவரை எதற்கென்று தெரியாத, கம்பெனி போடாத சுவிட்ச் ஒன்று மிஞ்சினால், மெயினைத் துண்டித்துவிட்டு அதன் பேட்டரிப் பக்க வயரைக் கழற்றி, முனையில் இன்சுலேஷன் சுற்றிக் கட்டிவிட்டு, ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். எதுவும் நின்றுபோகவில்லை என்றால் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் சொல்லி முழு வயரையும் உருவிவிடலாம்.